முதலில் செத்தவை குரங்குகள்

1957ஆம் ஆண்டின் முற்பகுதியில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரப வட்டத்தைச் சேர்ந்த கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழத் தொடங்கின. உச்சாணிக் கிளைகளில் தாவித் திரிந்த மந்திகளும் நாட்டுக்குரங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. அதே காலத்தில், விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் அந்தக் காட்டுக்குள் போய்வந்த ஊர்மக்களுக்குத் திடீரென்று கடுங்காய்ச்சல் கண்டது. தலை பிளக்கும் வலி, உடம்பை முறுக்கும் தசைவலி, சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தக்கசிவு என்று அது முற்றியது. தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் பரவும்போது இப்படித்தான் முதலில் குரங்குகள் மடியும் என்பதை அறிந்திருந்த பூனா வைரஸ் ஆய்வு மையத்தினர், அந்தக் கொடிய நோய் இந்தியாவுக்குள்ளும் நுழைந்துவிட்டதோ என்ற கவலையோடு அங்கு விரைந்தார்கள். அவர்கள் பிரித்தெடுத்தது, அதுவரை எவரும் அறிந்திராத ஒரு வைரஸ். ரஷ்யக் காடுகளில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சலின் வைரஸ் அதற்கு நெருங்கிய உறவு. காட்டின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. கன்னடத்தில் ஊர்மக்கள் அதை 'மங்கன காயிலெ' என்றார்கள். நாம் குரங்குக் காய்ச்சல் என்கிறோம்.

குரங்கின்மேல் பழிபோடும் அந்தப் பெயர் முழுக்கச் சரியென்று சொல்வதற்கில்லை. வைரஸைச் சுமப்பது காட்டு உண்ணி. எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களுக்கும் உண்ணிகளுக்கும் இடையே அது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிச் சுற்றிவருகிறது. உண்ணி கடித்து நோய் கண்ட குரங்கு சாகிறது. அதன் உடல் குளிர்ந்ததும், ஒட்டியிருந்த உண்ணிகள் உதிர்ந்து அந்த மரத்தடியிலேயே அடுத்த உடலுக்காகக் காத்திருக்கின்றன. வழிதவறிய மாட்டைத் தேடியோ சருகு அள்ளவோ அங்கு வருபவரின் கணுக்காலில் ஏறுவது, உற்றுப் பார்த்தாலொழியக் கண்ணுக்குப் புலப்படாத இளம் உண்ணி. மாட்டுக்கு இந்த நோயால் பெரிய கேடு எதுவும் நேர்வதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் வயிறார இரத்தம் குடித்துப் பெருகுவதற்குக் காட்டுக்குள் ஓட்டப்படும் மாட்டு மந்தை பெரிதும் உதவுகிறது. காடு திருத்தி வயலும் தோட்டமும் வைத்தபோது, மனிதர், மாடு, குரங்கு, உண்ணி ஆகிய நான்கும் ஒரே விளிம்பில் வந்து கூடின. இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். நீண்ட காலம் ஷிமோகாவையும் அதை அடுத்த மாவட்டங்களையும் சுற்றியே இருந்த அது, 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் தென்பட்டது.

வளர்ப்புப் பிராணிகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் வரும் நோய்கள் மனிதரைப் பாதிக்குமா என்று கேட்பவர்களுக்குப் 'பாதிக்கும்' என்ற ஒற்றைச் சொல் போதுமான விடையாகாது. கியாசனூரில் நிகழ்வுகள் எந்த வரிசையில் வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நோய் மனிதரிடம் கடைசியாகத்தான் வந்தது. மருத்துவரின் கண்ணில் அது படும் முன்பே மாடு மேய்ப்பவரின் கண்ணில் பட்டிருந்தது. விலங்குவழி நோய்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது இந்த வரிசைதான். விலங்கின் நோயைக் காலத்தில் கண்டு, அங்கேயே அதைத் தடுக்கும் வேலை கால்நடைக்கும் காட்டுக்கும் உரிய தனிக்காரியம் என்று நாம் நினைத்துவருகிறோம். உண்மையில் அது மனிதருக்கான மருத்துவத்தின் முதல் படி.

மனிதருக்கு நோய் தரக்கூடியவை என்று பட்டியலிடப்பட்ட 1,400க்கும் மேற்பட்ட கிருமிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு விலங்குகளிடமிருந்து தொற்றக்கூடியவை. இந்த எண்ணைக் கேட்டதும் வீட்டு நாயைத் தொடவே அஞ்ச வேண்டியதில்லை. நாய்க்குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும் பார்வோ வைரஸும், நாய்களின் நரம்பைத் தாக்கும் டிஸ்டெம்பரும் மனிதரிடம் நோயை உண்டாக்குவதில்லை. பன்றிப் பண்ணைகளை வெறுமையாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் அவ்வாறே. மாட்டின் வாயையும் குளம்பையும் புண்ணாக்கும் கோமாரியால் பண்ணைக்காரரின் வருமானம் அழியுமே தவிர, அவர் உடலுக்குக் கேடு வருவதில்லை. 2022இல் வட இந்திய மாநிலங்களில் தோல் கழலை நோய் பரவி மாடுகள் மடிந்தபோது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா என்று பலர் அஞ்சினார்கள். அந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதே இல்லை.

ஒரு கிருமி இனம் தாண்டுமா என்பது, உயிரணுவின் கதவைத் திறக்கும் சாவி அதனிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பறவைக்காய்ச்சல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு பறவைகளின் குடலிலும் மூச்சுக்குழலிலும் நிறைய உண்டு. மனிதரிடம் பெரும்பாலும் நுரையீரலின் அடியாழத்தில் மட்டுமே உண்டு. எனவே அது மனிதரை எளிதில் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் நுரையீரலின் ஆழத்தையே தாக்குகிறது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தது இதனால்தான். அந்தச் சாவி சற்றே மாறினால் என்ன ஆகும் என்பதே, 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடம் இதே வைரஸ் காணப்பட்டதிலிருந்து ஆய்வாளர்களை உறங்கவிடாத கேள்வி.

ஆனால் நம் நாட்டில் மிக அதிகமாக உயிர் குடிக்கும் விலங்குவழி நோய்களில் ஒன்றுக்கு அத்தகைய மாற்றம் எதுவும் தேவையில்லை. ரேபிஸ் வைரஸ் ஏறத்தாழ எல்லாப் பாலூட்டிகளின் நரம்பையும் திறக்கும் சாவியோடு பிறந்தது. அறிகுறி தோன்றிவிட்டால் சாவு ஏறக்குறைய உறுதி. அறிகுறி தோன்றும் முன் சரியாக மருத்துவம் செய்துகொண்டால் தப்புவதும் ஏறக்குறைய உறுதி. இந்த இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் நோய் மிக அரிது. அதனாலேயே இதில் நிகழும் ஒவ்வொரு சாவும், தடுத்திருக்கக்கூடிய சாவு என்ற வகையில், மனத்தை மிகவும் வருத்துகிறது. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்குத் தொற்றியவற்றில் 99 விழுக்காடு நாய் வழியாக வந்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைய கணக்கெடுப்பு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 5,700 சாவுகள் என்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் சாவுகள் 43.

கடிவாயில் எச்சிலோடு இறங்கும் வைரஸ் இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. அது அருகிலுள்ள தசையில் தங்கி, நரம்பின் நுனியைப் பற்றி, அந்த நரம்பு வழியாகவே மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. காலில் கடிபட்டவருக்கு மூளை தொலைவு. முகத்திலோ கழுத்திலோ கடிபட்ட குழந்தைக்கு மிக அருகு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்கள், சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஓராண்டு என்று இந்தப் பயணத்தின் காலம் வேறுபடுகிறது. மருத்துவம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் வைரஸை மறிக்கும் முயற்சிதான்.

அந்த முயற்சியில் முதலாவது, குழாயடியில் எவரும் செய்யக்கூடியது. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சாதாரணச் சோப்பு அதையும் கரைத்துவிடும். ஓடும் நீரில், சோப்பு நுரை காயத்தின் அடிவரை இறங்கும்படி, குழந்தை அழுதாலும் கையை எடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது கழுவி முடிக்கும்போதுதான் எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரும்பாலான வீடுகளில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு, மஞ்சளையோ சுண்ணாம்பையோ மிளகாய்ப்பொடியையோ அப்பிக் கட்டுப் போட்டுவிடுகிறார்கள். எரிச்சலூட்டும் அந்தப் பொருள்கள் வைரஸைக் கொல்வதில்லை. புண்ணை இன்னும் கிளறி, அதை நரம்புக்கு நெருக்கமாகத் தள்ளிவிடக்கூடும்.

இரண்டாவது, தடுப்பூசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற அச்சம் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. அது செம்மறியாட்டின் மூளைத்திசுவிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்து; அதன் தயாரிப்பை இந்தியா 2004ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் பல பத்தாண்டுகள் அந்த மருந்தைத்தான் செய்துவந்தது. இப்போது போடுவது கையில். நான்கு அல்லது ஐந்து தவணை. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், முன்பே செய்துவைத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி போட்டும் இறந்தார் என்று செய்தியில் படிக்கும் நிகழ்வுகளில், இந்தப் படி தவறியிருக்கிறதா, அல்லது மருத்துவமனைக்கு வரவே காலம் கடந்துவிட்டதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வெறிபிடித்த நாய் என்றதும் நுரை தள்ளி ஓடிவரும் நாயே எல்லோர் நினைவுக்கும் வருகிறது. ரேபிஸுக்கு அமைதியான முகமும் உண்டு. நோய் கண்ட நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும். தொண்டையில் எலும்புத் துண்டு சிக்கிவிட்டது என்று எண்ணி, அதை வளர்ப்பவர் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பார். மாட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். தீனி அடைத்துக்கொண்டது என்று நினைத்து விவசாயி முழங்கை வரை கையை விட்டுவிடுவார். கடி எதுவும் இல்லை, அன்பால் நீட்டிய கை அது. விரலிடுக்கில் ஒரு கீறல் இருந்தால் வைரஸுக்கு அதுவே போதும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கும் எந்தப் பிராணியின் வாயிலும் கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் கைவிடக் கூடாது என்பதை ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

இவ்வளவும் கடிபட்ட பிறகு செய்வது. நோயை வேரிலேயே நிறுத்தும் வழி ஒன்றே ஒன்றுதான்: ஓர் ஊரில் உள்ள நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டுக்கு, ஆண்டு தவறாமல், தடுப்பூசி போட்டுவிடுவது. அவ்வளவுக்குப் போட்டுவிட்டால் வைரஸ் ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்குத் தாவ வழியின்றி அறுந்துபோகும். கோவா இதைச் செய்து காட்டியது. அங்கு 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து மனித ரேபிஸ் சாவே நிகழவில்லை. தெருநாய்களைக் கொன்றால் தீரும் என்ற கருத்தும் அடிக்கடி எழுகிறது. தடுப்பூசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றுவிட்டால், அது காவல் காத்த தெருவுக்குத் தடுப்பூசி போடாத புதிய நாய் வந்துசேர்கிறது. கடிபட்டவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. குழந்தையை இழந்த பெற்றோரிடம் புள்ளிவிவரம் பேச எனக்கு மனம் வராது. ஆயினும் இன்னொரு குழந்தையைக் காக்கும் வழி, அந்தத் தெருவில் கழுத்துப்பட்டையோடு திரியும், ஊசி போட்ட நாய்தான்.

தெருநாய்கள் இத்தனை பெருகியதற்கான காரணங்களில் ஒன்று வானத்தில் இருந்தது. 1990களின் தொடக்கம் வரை, ஊருக்கு வெளியே வீசப்பட்ட செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்புக்கூடாக்கியவை பாறுக் கழுகுகள். அவற்றின் வயிற்று அமிலம், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் கிருமியைக்கூடச் செரித்துவிடும் அளவுக்குக் கடுமையானது. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் 99.9 விழுக்காடு அழிந்தன. முதலில் தொற்றுநோய் என்றே ஐயுற்றார்கள். 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு உண்மையைக் காட்டியது. வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சியோடு பாறுகளின் உடலுக்குள் போய், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருந்தது. உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசினாற்போலப் படிந்திருந்தது. காப்புரிமைக் காலம் முடிந்து அந்த மருந்து மலிவானதும் ஊர்தோறும் பரவிவிட்டிருந்தது.

பாறுகள் போன இடத்தில் பிணங்கள் அழுகிக் கிடந்தன. அவற்றைத் தின்ன நாய்கள் பெருகின. நீர்நிலைகளில் கிருமிகள் கலந்தன. இயால் பிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியல் ஆய்வாளர்கள், பாறுகள் முன்பு நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாதிருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் ஐந்து லட்சம் மனிதச் சாவுகள் கூடுதலாக நிகழ்ந்ததற்குப் பாறுகளின் அழிவு காரணம் என்று 2024இல் வெளியிட்ட ஆய்வில் கணித்தார்கள். மாட்டின் கால்வலிக்குப் போட்ட ஊசி, இரண்டு மூன்று கைமாறி, மனிதரின் உயிரைத் தொட்டது. பாறுகளுக்கு நோய் வரவில்லை, நஞ்சுதான் ஏறியது. இருந்தும் இந்தக் கட்டுரையில் அதைச் சொல்வதற்குக் காரணம், விலங்கின் உடல்நலம் கெடும்போது மனிதரின் உடல்நலம் கெடுவதற்குக் கிருமி தாவியாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்பதே. கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் போடுவதை இந்தியா 2006இல் தடைசெய்தது. மனிதருக்கான மருந்துக் குப்பியே மாட்டுக்குப் பயன்பட்டதால், 2015இல் அதன் அளவையும் 3 மில்லிலிட்டராகக் குறைத்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் என்னும் வலிமருந்து இப்போது கிடைக்கிறது. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகளுக்கு நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கும் சீகூர் மேட்டுநிலமுமே முதன்மைப் புகலிடம். அப்பகுதியில் மாடு வைத்திருப்பவர் மருந்துக்கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார் என்பதில் அந்தப் பறவைகளின் உயிர் இருக்கிறது.

முன்னறிவிப்பைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதற்கு மலேசியா சான்று. 1998இன் பிற்பகுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் பன்றிகள் உரக்கக் குரைப்பதைப் போல இருமின. அவற்றை வளர்த்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி, புகை அடித்து, தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளையே தாக்கும். இங்கு விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது. பன்றியை அணுகாத முஸ்லிம் அண்டைவீட்டாருக்கு மட்டும் ஏன் நோய் வரவில்லை? பன்றிகளின் இருமலிலேயே விடை இருந்தது. அதற்குள் பன்றிகள் விற்பனையாகி, தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலம் வரை போய்விட்டன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய வைரஸைக் கண்டறிந்து, நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிபாவின் பெயரை அதற்கு வைக்கும் வரை சாவுகள் தொடர்ந்தன. மலேசியாவில் நோய் கண்ட 265 பேரில் 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைக்கு நிழல் தந்த பழமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப்போட்ட பழங்கள் தொழுவத்தில் விழ, அவற்றைப் பன்றிகள் தின்றதே தொடக்கம்.

அதே நிபா 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்னரும் அங்கு பலமுறை தலைகாட்டியது. வங்காளதேசத்தில், ஈச்ச மரத்தில் இரவில் கட்டிய கலயத்தை வௌவால் நக்கிவிட்டுப் போக, விடியற்காலையில் அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் குடிப்பவர்களுக்கு நோய் வருகிறது. கலயத்தின்மேல் மூங்கில் தட்டி கட்டினால் வௌவால் அண்டாது. வௌவால்களைச் சுட்டும் தங்குமிடத்தைக் கலைத்தும் விரட்டுவது நிலைமையை மோசமாக்கும். வைரஸோடு நோயின்றி வாழப் பழகிய அந்த உயிர், பட்டினியாலும் பதற்றத்தாலும் தளரும்போதுதான் அதை அதிகமாக வெளியிடுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எலிக்காய்ச்சலில் முன்னறிவிப்பே கிடையாது. எலிக்கு நோயே தெரிவதில்லை. அதன் சிறுநீரகத்தில் தங்கும் லெப்டோஸ்பைரா என்னும் திருகுவடிவ நுண்ணுயிர் சிறுநீரோடு வயல்நீரிலும் தெருவெள்ளத்திலும் கலந்து, காலில் உள்ள பித்தவெடிப்பு வழியே உள்ளே நுழைகிறது. மாடும் நாயும்கூட இதைப் பரப்பும். காய்ச்சலோடு கெண்டைக்காலைத் தொடவிடாத வலியும் கண்சிவப்பும் சேர்ந்து வந்தால், சேற்றில் நின்றீர்களா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லிவிட வேண்டும். காலத்தில் கொடுத்தால் எளிய மருந்திலேயே குணமாகும். இலங்கையில் 2008இல் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இது கண்டது. அங்கு நடவுக் காலத்தில் விவசாயிகளுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுகாதாரத் துறையே முன்கூட்டி வழங்குகிறது. 2024 டிசம்பரில், மழைவெள்ளத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலும் இதுவே என்று உறுதியாயிற்று.

வீட்டுக்குள் வளரும் பிராணிகளைப் பற்றி மக்கள் அதிகம் அஞ்சுவது, நான் பார்த்தவரை, தவறான இடத்தில் அஞ்சுவதாகவே இருக்கிறது. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டிலிருந்து பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்வார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் பூனையின் மலத்தில் வரும் அதன் முட்டை தொற்றும் நிலைக்கு முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். வேறொருவர் நாள்தோறும் மலத்தட்டைத் துப்புரவு செய்தாலே போதும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை ஆகியவற்றின் வழியாகவும் அது வருவதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

அஞ்ச வேண்டிய இடம் மாட்டுத்தொழுவம். மாடு மாதம் முதிராமலே கன்றை வீசிவிட்டாலோ, ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிட்டாலோ, வீட்டில் உள்ளவரே வெறுங்கையால் அதை இழுத்து எடுத்துவிடுவது வழக்கம். முழங்கை வரை வழியும் அந்த நீரில் புரூசெல்லா கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். கன்று வீச்சு நோய் என்று மாட்டில் அறியப்படும் அது, மனிதரிடம் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும், இரவு வியர்வையாகவும், மாதக்கணக்கில் நீளும் மூட்டுவலியாகவும் தோன்றுகிறது. வயதின் கோளாறு என்றோ வாதம் என்றோ எண்ணி வலிமாத்திரையோடு காலம் தள்ளுபவர்கள் உண்டு. மருத்துவரிடம் போனாலும், வீட்டில் மாடு கன்று வீசியதா என்ற கேள்வி எழுந்தால்தான் நோய் பிடிபடும். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை போடும் தடுப்பூசி மாட்டையும் காக்கும், அதை வளர்ப்பவரையும் காக்கும். 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம்.

நோய் எதிர்த்திசையிலும் பயணம் செய்கிறது. 2021 ஜூனில், வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்கள் இருமத் தொடங்கின. அவற்றில் ஒன்பதுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கமும், பின்னர் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. அப்போது சென்னையில் மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகைதான் அவற்றின் உடலிலும் இருந்தது. கூண்டுக்குள் இருந்தவை அவை. நோயைக் கொண்டுபோனது பெரும்பாலும் நம் மூச்சாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லைகள் இப்படித் திறந்தே கிடக்க, அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு மட்டும் துண்டுதுண்டாகப் பிரிந்திருக்கிறது. தெருநாய் உள்ளாட்சிக்கு உரியது. நாய் கடித்த மனிதர் சுகாதாரத் துறைக்கு உரியவர். கடிபட்ட மாடு கால்நடைத் துறைக்கு உரியது. அதே நாய் காட்டோரத்தில் நரியைக் கடித்தால் அது வனத்துறையின் கவலை. வைரஸ் ஒன்றுதான், பதிவேடு நான்கு. கடிபட்டவர் மருத்துவமனையில் பெயர் பதியும்போது, கடித்த நாய் எந்தத் தெருவினது என்ற விவரம் அதே நாளில் உள்ளாட்சிக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த நாயை 10 நாள் கண்காணிக்கலாம். தெருவின் மற்ற நாய்களுக்கும் ஊசி போடலாம். 2030க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டம் 2021 செப்டம்பர் 28 அன்று வெளியானது. அதில் இத்தகைய இணைப்பு எழுத்தில் உண்டு. பணத்தைக் கணக்கிட்டாலும், நாய்க்குப் போடும் ஓர் ஊசியின் விலை, கடிபட்டவருக்கான முழுச் சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்குதான். இருந்தும் மனிதருக்கான மருந்தை வாங்குவதில் காட்டும் அக்கறையை நாயின் ஊசியில் நாம் காட்டுவதில்லை.

ஷிமோகாவில் இன்று குரங்கு செத்துக் கிடப்பதைக் காட்டுக்குப் போனவர் கண்டால், சுகாதாரப் பணியாளருக்கோ வனக்காவலருக்கோ தகவல் சொல்கிறார். உடலின் மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. அந்த இடத்தைச் சுற்றி உண்ணி கொல்லும் மருந்து தூவுகிறார்கள். பக்கத்து ஊர்களில் கைகால்களில் பூசிக்கொள்ள உண்ணியை விரட்டும் டெபா எண்ணெய் வழங்கி, சில காலம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்கிறார்கள். 1990 முதல் போட்டுவந்த தடுப்பூசி, எதிர்பார்த்த பாதுகாப்பைத் தராததால் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதியது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதுவரை அந்த ஊர்களின் முதல் பாதுகாப்பு, மரத்தடியில் கிடக்கும் குரங்கைக் கண்டவர் அன்றைக்கே வந்து சொல்லும் செய்திதான்.